அக்கா மறைத்த ரத்தம்

இங்கே மலாயாத் தோட்டத்தில் மூன்று வேளையும் வெள்ளைச் சோறுதான். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் களியும் சாமையும் கீரையும் தின்று வளர்ந்த எனக்கு முதலில் அது விருந்தாகத் தெரிந்தது. சில மாதங்களில் மலம் கல்லாக இறுகி, மூலமும் வந்தது. தோட்டத்து டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "வெளிக்குப் போறீரோ?" என்று கேட்டார். எழுந்து போகச் சொல்கிறார் என்று நினைத்து வராந்தாவில் போய் நின்றேன். மலம் கழிப்பதைத்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார்; மலையில் நாங்கள் அதைக் காட்டுக்குப் போவது என்போம். சிரித்தபடி திரும்பக் கூப்பிட்டு, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: நிறையத் தண்ணீர் குடி, கீரையும் பழமும் சேர், முக்காதே, வந்தால் அடக்காதே, வெந்நீரில் உட்கார். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, ரத்தம் நிற்காமல் போனாலோ, மலம் கறுத்தாலோ, தலை சுற்றினாலோ வீட்டில் கிடக்காமல் வந்துவிடு. எனக்கு அந்த வீட்டுப் பக்குவமே போதுமானதாக இருந்தது.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் மலையில் இருப்பவர்களுக்கும் இதை நான் எழுதக் காரணம் என் அக்கா வெள்ளையம்மாள். சில வருஷம் கழித்து லீவில் ஊருக்குப் போனபோது, மிளகுக் கூடையை இறக்கிவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உதடு வெளுத்திருந்தது. தனியாகக் கேட்டபோதுதான், மாசக்கணக்காக மலத்தோடு ரத்தம் போகிறது என்றாள். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டியிருக்கிறாள். எரிச்சல் தணிந்ததே தவிர ரத்தம் நிற்கவில்லை. மச்சானுக்குக்கூடத் தெரியாது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"அதையெல்லாம் ஒரு ஆம்பளைகிட்டக் காட்டச் சொல்றியா சாமி? அதுக்கு இப்படியே செத்துப்போறேன்."

"எனக்கும் இதேதான் வந்துச்சு. நானும் காட்டுனேன்."

அக்கா தானே எழுந்து போய் மச்சானிடம் சொன்னாள்.

மறுநாள் கம்பில் தூளி கட்டி, அக்காவை அதில் படுக்கவைத்து, மச்சான் முன்னும் நான் பின்னுமாகச் சுமந்து மலையிறங்கினோம். ஆஸ்பத்திரியில் நல்லவேளையாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். சோதித்துவிட்டு, "மூலந்தான், வேற கெட்ட நோய் இல்லீங்க. ஆனா உடம்புல ரத்தமே இல்லை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா காப்பாத்தியிருக்க முடியாது" என்றார். மருந்து கொடுத்துத் தேற்றி, அதன்பிறகே அறுவை செய்தார்கள்.

என் லீவு முடியும் சமயத்தில் அக்கா நடக்கத் தேறிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மலை அடிவாரம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டேன். அங்கிருந்து நான் ரயிலுக்குத் திரும்ப வேண்டும். மச்சானோடு மெல்ல ஏறியவள், ஒரு வளைவில் நின்று குரல் கொடுத்தாள்.

"பத்திரமா ஊடு போயிச் சேரு கண்ணு!"

அவள் சொன்ன ஊடு மலாயாத் தோட்டம்; நாங்கள் இருவரும் பிறந்த வீட்டுக்கோ அவள் ஏறிக்கொண்டிருந்தாள். "சரிக்கா" என்றேன். வண்டிக்காரர், "எந்தப் பக்கமுங்க?" என்றார். கை ரயிலடியைக் காட்டியது. கண் மலைப்பாதையிலேயே இருந்தது.