கடற்கரையில் நசுங்கிய சூரியன்

2006 வாக்கில் இருக்கும். புதுச்சேரியில் என் கணவருக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. அங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். இடது கண்ணுக்கும் சீக்கிரம் செய்யாவிட்டால் வேலையில் நீடிப்பது கஷ்டம் என்ற நிலை.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் காலை நடை பழகினார். ஒருநாள் கடற்கரையிலிருந்து திரும்பியவர் முகமே சரியில்லை. "சூரியன் உருண்டையா இல்ல. மேலயும் கீழயும் நசுங்கி இருக்கு. கண்ணக் கெடுத்துட்டாங்க. இன்னொண்ணுல கைய வைக்க உடமாட்டேன்" என்றார். இரும்பைத் தடவியே கோணல் கண்டுபிடிக்கிற மனுஷன் சொன்னதும் எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். "அவரா பாக்குறாரு? நான்தான பாக்குறேன்" என்று இவர் என் வாயை அடைத்துவிட்டார். அதன் பிறகு பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆய்வகப் பணியாளர். பலூனில் கருவிகளைக் கட்டி மேலே அனுப்பிச் சூரியனின் அளவையும் வடிவத்தையும் அளப்பது பற்றி அங்கே ஒருவர் பேச வந்தார். நாற்காலி போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தரையிலிருந்து பார்த்தால் காற்று சூரியனின் விளிம்பை ஆட்டிவிடும், அடிவானத்தில் நசுக்கியே காட்டும், அதனால்தான் காற்றின் பெரும்பகுதியைத் தாண்டிப் போய் அளக்கிறார்கள் என்றார். என்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

"சார், அப்ப அது கண்ணோட கோளாறு இல்லியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பேச வந்தவர் சிரிக்கவில்லை. "நல்ல கண்ணுக்குத்தாம்மா அது தெளிவாத் தெரியும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் கணவரைக் கிளப்பிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கடலோர ஊரில் பிறந்தும் சூரியன் உதிப்பதை நான் பார்த்ததே இல்லை. அந்நேரம் அடுப்படியில் கிடப்பேன். மூட்டத்துக்குள் சிவப்பாக எழுந்து வந்தது.

"ஏங்க, எனக்கும் நசுங்கித்தான் தெரியுது."

அவர் சூரியனை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா?"

"நெசமா."

திரும்பவும் சூரியனைப் பார்த்தார். பிறகு, "ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு அது வெறும் வெளிச்சமாத்தான் இருந்துச்சு" என்றார். "அடுத்த கண்ணுக்கு எப்ப வரச் சொன்னாங்க?"

காற்று, பலூன் என்று வழியெல்லாம் விளக்கினேன். பாதிகூடக் காதில் வாங்கவில்லை. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. அதிலிருந்து, ஒருவர் தனக்கு ஏதோ கோணலாகத் தெரிகிறது என்றால், சமாதானம் சொல்லும் முன் பக்கத்தில் போய் நின்று நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.