இரண்டாம் முறை பால் காய்ச்சிய வீடு

படூரில் உள்ள எங்கள் வீட்டைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது என்று சொன்னதும் அலுவலகத்தில் எல்லோரும் கைகொடுத்தார்கள். ஒருவர் ஸ்வீட் கேட்டார். வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் செங்கல்பட்டில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, கதவோரம் வழக்கம்போல மகளின் பை இருந்தது. அப்போதுதான் இதை அவளிடமும் சொல்லியாக வேண்டுமே என்று நினைவு வந்தது.

அந்த அடுக்குமாடியைக் கட்டிய பில்டர், ஊராரிடம் டெபாசிட் வாங்கி ஏமாற்றிய வழக்கில் மாட்டியவர். நாங்கள் முழுப் பணத்தையும் கட்டி, வைகாசியில் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தோம். பத்திரப்பதிவு மட்டும் பாக்கி. ஆடியில் யார் பத்திரம் பதிவார்கள், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் பிளாக்கே இருந்தது. ஆடி முடிவதற்குள் அவரைக் கைது செய்துவிட்டார்கள். காகிதப்படி பிளாக் அப்போதும் அவருடையதுதான். மாமல்லபுரத்தில் அவருக்கு இருந்த கடற்கரை பங்களா, செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத்தோப்பு, எங்கள் வீடுகள் எல்லாம் ஒரே உத்தரவில் முடங்கின.

சீல் வைக்க வந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். முடிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். என் மனைவி மிக்சியை எடுத்தாள், கேஸ் சிலிண்டரை எடுத்தாள், துவைத்துக் காயாத துணிகளைக்கூட எடுத்தாள். மகள் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் அவளை இறக்கிவிட்டபோது பூட்டின் மேல் துணி சுற்றி அரக்கு வைத்து முடித்திருந்தார்கள்.

"அங்கிள், என் சயின்ஸ் புக்கு உள்ள இருக்கு. நாளைக்கு டெஸ்ட்" என்று அவள் அந்த அதிகாரியிடம் சொன்னாள்.

"இனிமே தொறக்க முடியாதும்மா. அரக்கு காஞ்சிடுச்சு" என்றார் அவர்.

அவள் அழவில்லை. வாடகை வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஒரு பையில் பாடப்புத்தகங்கள், ஒரு செட் யூனிஃபார்ம், டூத்பிரஷ் எல்லாம் அடுக்கிக் கதவருகே வைத்தாள். காலையில் அதிலிருந்து வேண்டியதை எடுப்பாள், சாயங்காலம் திரும்ப அதிலேயே வைப்பாள். பீரோவில் அவளுக்கென்று விட்ட தட்டு காலியாகவே கிடந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். பை மட்டும் பெரிதாகியிருக்கிறது. அவள் அந்தப் பையைப் பிரித்து அடுக்கி வைக்க ஒரு வீடு வேண்டும். அது படூர் வீடாக இருந்தாலும் சரி, அதை விற்று வாங்கும் வேறு வீடாக இருந்தாலும் சரி. எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னதும், "நான் அங்க வரலப்பா" என்றாள். "நீங்க வித்துடுங்க."

விற்பதென்று முடிவு செய்தோம். சாவி கைக்கு வந்தபோது வைகாசி முடிய இருந்தது. வருஷக்கணக்கில் அடைந்து கிடந்த வீடு, விளக்கேற்றிப் பால் காய்ச்சாமல் அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது என்றாள் மனைவி. எங்களுக்கு மட்டுமா அப்படித் தோன்றியது? வைகாசியில் ஒரே ஒரு முகூர்த்தம்தான் மிச்சம். அது போனால் ஆனி, அடுத்து ஆடி. அன்று விடியற்காலையில் பிளாக்கில் இருந்த எல்லா வீடுகளிலும் பால் பொங்கியது. எல்லா நிலையிலும் மாவிலை. கேட்டிலிருந்து லிஃப்ட் வரை வாழைமரம். ஐயர் ஒருவரே மாடி மாடியாக ஏறி இறங்கினார். மூச்சு வாங்கிக்கொண்டே மந்திரம் சொன்னார்.

மகள் வந்திருந்தாள், ஆனால் மேலே வரவில்லை. கேட்டுக்கு வெளியே பையை மாட்டியபடி நின்றாள்.

வீட்டைப் பார்க்க புரோக்கரையும் அன்றே வரச் சொல்லியிருந்தேன். அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வாழைமரங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஊர் திருவிழாவா?"

"வீடு திரும்ப வந்துச்சே, அதான் பால் காய்ச்சினோம்."

"ஒரு வூட்டுல காச்சினா கிரகப்பிரவேசம். அத்தினி வூட்லயும் ஒரே காலைல காச்சினா? இது சீல் வச்ச பில்டிங்குன்னு நீங்களே போர்டு மாட்டிகினு கீறீங்க. கமுக்கமா இருந்தா ரெண்டு மாசத்துல நானே தள்ளி வுட்ருப்பேன். போச்சு போ, பேஜாரு பண்ணிட்டீங்க."

பக்கத்து பிளாக் வழக்கில் சிக்காதது. அங்கிருந்து ஒருவர் பால்கனியில் நின்று, "சார், முதல்ல அந்த வாழைமரத்தை அவுருங்க. உங்களால எங்க ரேட்டும் போகுது" என்று கத்தினார். அவரை நான் திட்டவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

புரோக்கர் சொன்னபடியே ஆனது. எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் ஒரே சமயத்தில் விற்க நின்றோம். வாங்க வந்தவர்கள் கேட்டருகே டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். ஆட்டோக்காரர்கள்கூட "சீல் பில்டிங்கா சார்?" என்று கேட்டுத்தான் ஏற்றினார்கள். எங்கள் பெயரில் பழைய பத்திரம் இல்லாமல் கோர்ட் உத்தரவு மட்டுமே இருந்ததால் வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. அதே கோர்ட் உத்தரவில் முடக்கம் நீங்கிய மாமல்லபுரம் பங்களா மட்டும் உடனே விலைபோனது என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர் வெளியூர்க்காரராம். அங்கே யாரும் பால் காய்ச்சவில்லை.

ஆனியில் வாடகை வீட்டு ஓனர் தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னார். தவணை கேட்டுக்கொண்டு நின்றேன். ஆவணி வரை விட முடியாது என்றார். ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். மனைவி, "ஆடியில யாருங்க வீடு மாத்துவாங்க?" என்றாள்.

மகள் தட்டைப் பார்த்தபடியே, "ஆடியிலேயே படூருக்குப் போயிடலாம்" என்றாள்.

"நீ வரமாட்டேன்னியே கண்ணு?"

"ஆடியில யாரும் விசேஷம் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. யாரும் பாக்க மாட்டாங்க. வாழைமரம், பால் எல்லாம் வேணாம். சும்மா போலாம்."

ஆடி இரண்டாம் வாரம் போனோம். வண்டிக்காரர் மாதத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டு வாடகையைக் குறைத்துக்கொண்டார். படிக்கட்டில் யாரும் எதிர்ப்படவில்லை. நிலையில் அரக்கு ஒட்டியிருந்த இடம் கறுப்பாக இருந்தது. மகள் அதை நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்தாள். ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டு அணைத்தாள். அலமாரியில் அந்த ஆறாவது சயின்ஸ் புத்தகம் கரையான் அரித்துக் கிடந்தது. அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மனைவி அவளுக்காக அலமாரியைத் துடைத்துப் பேப்பர் விரித்து வைத்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். விரித்த பேப்பர் விரித்தபடி இருந்தது. பை கதவோரம் இருந்தது.

நான் அதை நகர்த்தவில்லை. என் செருப்பைக் கொஞ்சம் தள்ளி விட்டேன், பைக்கு இடம் இருக்கட்டும் என்று.