போயிருச்சான்னு பாருங்க

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படியிறங்குகிறார். நாலு எட்டு நடந்ததும் நிற்கிறார். திரும்பி ஏறி மறுபடியும் இழுக்கிறார். கடைத்தெருவில் யாரும் இதை வேடிக்கை பார்ப்பதில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் இந்த அம்மாவுக்குத் தெருவே வைத்த பெயர் ‘இன்னொருதரம் அக்கா’. “எதுக்கும் இன்னொரு தரம் பாத்துடறேன்” என்று சொல்லாமல் அவர் எந்த வேலையையும் முடித்ததில்லை.

தொழிலுக்குப் பொருத்தமான குணம்தான். கண்ணாடியை வாடிக்கையாளர் முகத்தில் மாட்டி, காதோரம் கம்பியை வளைத்து, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டுவார். “மூக்குல அழுத்துதா? வெக்கப்பட்டு இல்லேன்னு சொல்லிடாதீங்க, நாளைக்கு வந்து நிப்பீங்க” என்பார். அழுத்தவில்லை என்று சொன்னாலும் நம்பாமல், மூக்கின் இரண்டு பக்கமும் குனிந்து தடம் பார்ப்பார். ஒல்லியான உடம்பு. எப்போதும் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர் போன்ற முகம்.

எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிறவர் ஒன்றை மட்டும் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. சமூக வலைத்தளத்தில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கணவர் பிரிந்து போனபின் தனியாக வளர்த்த ஒரே மகளின் படங்களைப் பள்ளி நாளிலிருந்து அதில் போட்டு வந்தார். முன்பல் விழுந்த வாய், சைக்கிளில் விழுந்த முழங்கால், முதல் சம்பளத்தில் வாங்கிய மஞ்சள் சட்டையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்ற கோலம். ஒவ்வொன்றின் கீழும் மகளின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘என் சுண்டு’ என்று எழுதுவார். சுண்டு, வீட்டுக்குள் மட்டும் புழங்கும் பெயர். படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருந்தது அவருக்குத் தெரியாது.

மகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். வேலை முடிந்து பேருந்துக்கு நின்ற ஒரு மாலையில், முன்பின் தெரியாத ஆள் ஒருவன் பக்கத்தில் வந்து, “என்ன சுண்டு, இன்னிக்கு மஞ்சள் சட்டை போடலையா?” என்று சிரித்திருக்கிறான். அவள் நிலையத்துக்குள் ஓடித் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அவன் ஒண்ணும் தேடி அலையலம்மா. என் பேரு, என் சட்டை, நான் ஏறற பஸ்ஸு, எல்லாத்தையும் நீயே பந்தி வச்சுப் பரிமாறியிருக்க” என்றாள். மகள் அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அம்மாவுக்கு. இரண்டே நாளில் அவள் தோழியின் அறைக்குக் குடிபோனாள். அங்கிருந்து வேலைக்கு வேறு பேருந்து.

அதன்பின் எந்தக் கண்ணாடியைத் துடைத்தாலும் அதை மாட்டிக்கொண்டு போகிறவர் தன் மகளைப் பார்த்திருப்பாரோ என்று அவருக்குத் தோன்றியது. கணக்கை மூடிவிடலாம் என்று தானே உட்கார்ந்து எதையெதையோ அழுத்தினார். படங்கள் மறைந்தன. அப்பாடா என்றிருந்தது. மறுநாள் மூடியாகிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனார். எல்லாம் அப்படியே இருந்தது.

பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை. அந்தக் கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே விஷயத்தைக் கேட்டார்.

“நீ முடக்கி வச்சிருக்கம்மா. அது கதவைச் சாத்தற மாதிரி. நீ வந்து தட்டினா திறந்துக்கும். உனக்கு வேணுங்கறது வீட்டையே இடிக்கறது.”

“இடிச்சுடுங்கண்ணே.”

அவரே நிரந்தரமாக நீக்கும் இடத்தைத் தேடி அழுத்திக் கொடுத்தார். “சொல்லியாச்சு. ஆனா உடனே இடிக்க மாட்டாங்க. ஒரு மாசம் பொறுப்பாங்க. நடுவுல நீ உள்ள போனா, சரி மனசு மாறிட்டாங்கன்னு விட்டுடுவாங்க. எட்டிக்கூடப் பாக்காத.”

இந்த அம்மாவிடம் எட்டிப் பார்க்காதே என்பதும் கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைப்பதும் ஒன்று. முதல் வாரம் போனைத் தகர டப்பாவில் போட்டு லென்ஸ் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மகள் கூப்பிட்டால் காதில் விழாமல் போய்விடுமே என்று திரும்ப எடுத்தார். சாப்பிடும்போது பார்த்தார், சாப்பிட்டபின் பார்த்தார். போனை மட்டும்தான், உள்ளே போகவில்லை. ஒரு மத்தியானம் கடையில் யாரும் இல்லை. போயிருச்சா என்று ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தார். கடவுச்சொல்லை விரல் தானாகத் தட்டியது. படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அவர் பதறிப்போய் எதை அழுத்துவது என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் சட்டைப் படத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி முளைத்தது. ‘சுண்டு திரும்ப வந்தாச்சா?’

கையிலிருந்த லென்ஸ் நழுவி விழுந்து உருண்டது. போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினார். “அண்ணே, அவன் உள்ளயே உக்காந்திருக்கான். காத்துக்கிட்டே இருந்திருக்கான்.” செல்போன் கடைக்காரர் அந்த வரியைப் பார்த்தார். அப்போதுதான் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உக்காரும்மா. எதையும் அழிக்காத. சொந்தப் பேர்லயே எழுதியிருக்கான் மடையன்.” திரையைப் படம் பிடித்துத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கும் கூடவே போனார்.

காவலர்கள் ஆளைக் கண்டுபிடித்தார்கள். ரத்தம் கொடுக்க வந்த இடத்தில் அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து, வீட்டில் போய் வலைத்தளத்தில் தேடியிருக்கிறான். கூப்பிட்டு மிரட்டி, இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அவ்வளவுதான். அவன் அதே ஊரில்தான் இருக்கிறான் என்ற நினைப்பு இந்த அம்மாவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அம்மாவைத் தேற்ற அல்ல, காரியத்தை முடிக்க. முதலில் எல்லாப் படங்களையும் இறக்கித் தனியாகச் சேமித்தாள். முன்பல் விழுந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றினாள்.

“என்ன போட்ட?”

“சொல்ல மாட்டேன்.”

“ஒரு அவசரம்னா?”

“அதுல என்னம்மா அவசரம் வந்துடும்?”

மகள் நீக்கும் பொத்தானை அழுத்தினாள். உறுதியா என்று அது கேட்டது. மறுபடியும் கேட்டது. “உன்னை மாதிரியே இருக்கு” என்றாள். சிரித்தாளா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்ததும் முதல் காரியம், பக்கத்துக் கடைப் படியில் ஒரு காலை வைத்துக் கேட்பது. “அண்ணே, போயிருச்சான்னு பாருங்க.” அவர் தன் போனில் பெயரைத் தட்டித் தேடிக் காட்டுவார். காணோம். “வேற எழுத்துல போட்டுப் பாருங்களேன்.” காணோம். ஒருநாள் அவருக்கும் பொறுமை போய்விட்டது. “இல்லாததை எத்தனை தரம்மா தேடறது?” அந்த அம்மா யோசித்தார். “இல்லைன்னு நம்பற வரைக்கும்” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு தரம் தேடினார்.

மாதம் முடிந்து சில வாரங்கள் ஆகின்றன. மகள் இன்னும் தோழியின் அறையில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். தெருவில் தனக்குப் பின்னால் யாராவது நடந்தால் நின்று, அவர்களை முன்னே போகவிட்டுத்தான் நடக்கிறாள். அம்மாவும் இப்போது அப்படித்தான் நடக்கிறார்.

நேற்று வேலை முடிந்து பேருந்தில் வரும்போது போன் சிணுங்கியது. மகள் அவருக்கு மட்டும் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளைக் கோட்டு, இழுத்துக் கட்டிய முடி, பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் இயந்திரம். ‘இதுக்கு இனி நான்தான் பொறுப்பு’ என்று ஒரு வரி. இந்த அம்மா மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கைப் பெண்மணி எட்டிப் பார்த்தார்.

“உங்க பொண்ணா? லட்சணமா இருக்கே.”

“ஆமாங்க” என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதே நொடியில் கை நீண்டு திரையை முழுதாக மூடியது. விரலிடுக்கில் வெளிச்சம் கசியவே, விரல்களை இன்னும் நெருக்கிக்கொண்டார்.