இரண்டாம் பங்குதாரர்

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதை இந்த ஊரில் அடிக்கடி ஒரு திரைக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்லும். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு என்று உத்தரவு போடும். சிமிட்டுவேன். பிறகு அது கொஞ்ச நேரம் யோசிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் பச்சை நிறத்தில் 'உயிருள்ள நபர்' என்று எழுத்து வந்ததும் மூச்சு விடுவேன். அருப்புக்கோட்டையில் பென்ஷன் வாங்குகிறவர்களைத்தான் வருஷத்துக்கொரு முறை இப்படிக் கேட்பார்கள். எனக்கு முப்பத்தாறு வயதுதான் ஆகிறது.

எனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது ஒரு வளைகுடா நகரம். பெயரை எழுதாமல் விடுவதற்குக் காரணம் படித்தால் தெரியும். இங்கே அரசு அலுவலகங்களும் பெரிய கம்பெனிகளும் மென்பொருளைக் கண்ட இடத்தில் வாங்க முடியாது. அதற்கென்றே கிளவுட் மார்க்கெட்பிளேஸ் என்று ஒரு இணையச் சந்தை இருக்கிறது. கட்டுக்காவல் உள்ள சந்தை. அதில் விற்பனையாளராகப் பதிந்தால்தான் கடை விரிக்கலாம். விற்பவர் யார், பங்காளி யார், எங்கே குடியிருக்கிறார், நிஜமாகவே இருக்கிறாரா என்று அடிவேர் வரை தோண்டுவார்கள். நான் பதிய நினைத்த மென்பொருளின் பெயர் 'ஊற்று'. தண்ணி லாரிகளை எந்த வீட்டுக்கு எந்த நாளில் அனுப்ப வேண்டும் என்று சொல்லும். இந்த நாட்டிலும் எங்கள் ஊர் பரளச்சி மாதிரியே வானம் பொய்க்கும், தண்ணீர் லாரியில்தான் வரும். அந்த ஒன்றில் மட்டும் நான் ஊர் மாறியதாக எனக்குத் தோன்றுவதில்லை.

ஊற்று என் மூளையில் பிறந்ததில்லை. என் அண்ணன் கதிரேசனின் மண்டைக்குள் இருந்ததை நான் கணினியில் எழுதினேன், அவ்வளவுதான். எங்கள் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை வெட்டியவர். அண்ணன் அருப்புக்கோட்டையில் ஒரு தண்ணி லாரி ஷெட்டில் டிரைவராகச் சேர்ந்து, பிறகு பரளச்சி வீட்டிலிருந்தே நாலு லாரிகளுக்கு லோடு பிரித்துக் கொடுக்கும் ஆளானார். எந்தத் தொட்டி எத்தனை நாளில் காயும், எந்த வீட்டில் கல்யாணம், எந்தத் தெருவில் காரியம் என்று எல்லாம் மனப்பாடம். "ஏ பிள்ள, தொட்டி காயிறதுக்கு முந்தின நாளு லாரி நிக்கணும். காஞ்ச பெறகு போறவன் யாவாரி இல்ல" என்பார். நாங்கள் இருவரும் பங்குதாரர்களாகப் பத்திரம் எழுதினோம். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்ததும், "அங்கயும் லாரித் தண்ணிதானாம்ல? நம்ம ஊத்த அங்க ஓட்டிப் பாரு" என்று நச்சரித்தார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் திருச்சுழிக்கு வண்டியில் கிளம்பியவர், நெஞ்சு வலிக்கிறது என்று வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பத்திரத்தில் அவர் பெயரை நான் எடுக்கவில்லை. துக்கத்தால் என்று சொன்னால் எனக்கு மரியாதையாக இருக்கும். உண்மை அதுவல்ல. எங்கள் பக்கத்தில் யாருமே எடுப்பதில்லை. செத்துப்போன தாத்தா பெயரில் கரண்டு பில் வரும், பூட்டன் பெயரில் பட்டா இருக்கும், பெரியப்பா பெயரில் கேஸ் சிலிண்டர் வந்து இறங்கும். கேட்டால், மாத்திக்கிருவோம், இப்ப என்ன அவசரம் என்பார்கள். செத்தவர்களின் பெயரில்தான் எங்கள் ஊரே நடக்கிறது. அந்தப் பழக்கத்தில் நான் பழைய பத்திரத்தையே ஏற்றிவிட்டேன். இரண்டாம் பங்குதாரர் என்ற கட்டத்தில் கதிரேசன் என்றும் அவருடைய பழைய போன் நம்பரையும் நிரப்பினேன். முகத்தைக் காட்ட வேண்டியது விண்ணப்பிக்கும் நான் மட்டும்தான். மற்ற பங்குதாரரைப் போனில் விசாரிப்பார்கள். அந்த நம்பர் எப்போதோ செத்திருக்கும், எடுக்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அப்போது இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் திரையைத் திறந்தேன். அண்ணன் பெயருக்கு எதிரே பச்சை அடையாளம் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: 'இரண்டாம் பங்குதாரருடன் செவ்வாய்க்கிழமை பேசப்பட்டது. வேலையில் இருந்தார். உறுதி செய்தார்.'

பக்கத்தை மூடித் திறந்தேன். குறிப்பு அப்படியே இருந்தது. நம்பர் வேறு யாருக்கோ போயிருக்கும், அந்த ஆள் விளையாடியிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். 'வேலையில் இருந்தார்' என்ற வரி மட்டும் அந்தச் சமாதானத்துக்குள் அடங்கவில்லை. அன்றே அந்தச் சந்தையின் அலுவலகத்துக்குப் போனேன். மரியம் என்ற அதிகாரி உட்காரச் சொன்னார். என்னைவிடச் சின்னப் பெண், கண்ணில் களைப்பு. என் அண்ணனோடு பேசியதில் ஏதோ தவறு இருப்பதாகச் சொன்னேன். அவர் சிரித்து, "எங்களிடம் தவறு நடக்காது, எல்லாவற்றையும் பதிவு செய்கிறோம்" என்று ஒரு பொத்தானை அழுத்தினார்.

தமிழ் பேசும் ஒரு பணியாளர் கேட்கிறார்: "கதிரேசனா பேசுறது? நீங்க அந்தக் கம்பெனியில பங்குதாரர்தானே?" கொஞ்சம் இரைச்சல், மோட்டார் ஓடும் சத்தம், ஒரு இருமல். பிறகு என் அண்ணன் பேசினார். "ஆமா, கதிரேசன்தான். லோடு எறங்கிட்டு இருக்கு. எல்லாம் சரிதான், பெறகு பேசுவோம்."

அவருடைய குரல்தான். 'லோடு' என்பதை இழுக்கும் இழுப்பும் அவருடையதுதான். "இவர் இறந்துவிட்டார்" என்றேன். மரியத்தின் முகம் மாறியது. எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பற்றினார். "செவ்வாய்க்கிழமைதானே பேசினோம்! நல்ல தெம்பாக இருந்தாரே! அதற்குள்ளாகவா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. இல்லை, இரண்டு வருடமாகிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் செத்த சேதியைப் போனில் கேட்டு, அன்றைக்கு விமானம் கிடைக்காமல், தனி அறையில் நான் அழுதபோது கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை. அந்தக் கை தாமதமாக இப்போது கிடைத்ததுபோல் அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். இறப்புச் சான்றிதழை ஒரு வாரத்துக்குள் கொண்டுவரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

நான் வேலை பார்க்கும் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்த போனிலிருந்து அண்ணன் நம்பரை அழுத்தினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. மணி அடித்தது. எடுத்தார்கள். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மோட்டார் சத்தம், இருமல். "ஆமா, கதிரேசன்தான். லோடு எறங்கிட்டு இருக்கு. எல்லாம் சரிதான், பெறகு பேசுவோம்." அதே சொல், அதே இடத்தில் இருமல். ஒரு மனிதன் இரண்டு முறை ஒரே மாதிரி இருமுவதில்லை. பதிவு செய்த குரல். அண்ணன் போன் வேறு யாரிடம் இருக்க முடியும்? "மதினி?" என்றேன்.

"யாரு, சுமதியா?" என்றது என் அண்ணன் மனைவி முத்துலட்சுமியின் குரல். "வேற நம்பர்ல இருந்து கூப்புட்டா நான் என்னத்தக் கண்டேன்?"

மதினிக்குப் பிள்ளைகள் இல்லை. ஊர்க் கடைசியில், சுற்றிலும் கருவேலங்காடாக இருக்கும் வீட்டில் தனியாக இருக்கிறார். தினமும் அவருடைய நம்பரில் பேசுகிறேன். அண்ணன் போனை அவர் இன்னும் வைத்திருப்பதை என்னிடம் சொன்னதில்லை. அண்ணன் எப்போதோ யாருக்கோ வாட்சப்பில் அனுப்பிய அந்தக் குரல் துண்டை, தன் போனில் ஏற்றி வைத்திருக்கிறார். தெரியாத நம்பர் வந்தால் இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஓட்டிவிடுவாராம்.

"என்ன மதினி இது? கேக்குற எனக்கு உசுரு போயிருச்சு" என்றேன்.

"ஒத்தையில கெடக்குறவ என்ன செய்ய? வீட்டுல ஆம்பள இருக்காகளான்னு போன்ல கேப்பான். இல்லைன்னு சொன்னா மறுநா வாசல்ல வந்து நிப்பான். டிரைவருகளும் புதுசு புதுசா வாரானுக. அவுக இருக்காகன்னுதான் ரெண்டு வருசமா இந்த வீடு நிக்குது" என்றார்.

எனக்குக் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. இங்கே சாப்பாடு கொண்டுவரும் பையன்களிடம், கதவைத் திறக்காமலேயே, உள்ளே யாரோ இருப்பதுபோல் 'இதோ பணம் எடுத்துட்டு வர்றார்' என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன். பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த இரண்டு வருடமும் நாலு லாரிக்கும் லோடு பிரித்தவர் வேறு யாருமில்லை, மதினிதான். புது டிரைவர்களிடம் அண்ணன் சொல்கிறார் என்று சொல்லிச் சொல்லியே பிரித்திருக்கிறார். ஊற்றில் நான் எழுதிய திருத்தங்களை முதலில் ஓட்டிப் பார்த்து, 'ஒங்க அண்ணன் இருந்தா இப்படிச் சொல்லியிருப்பாக' என்று எனக்குச் சொன்னதும் அவருடைய புத்திதான்.

மூன்றாம் நாள் மரியத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ச் சாட்சிக்கு இந்தச் சந்தையில் நிரந்தரத் தடை உண்டு என்பது எனக்குத் தெரியும். அண்ணனின் ஆசையே அதோடு முடிந்துவிடலாம். இருந்தாலும், சான்றிதழில் உள்ள தேதி நான் சொல்லாவிட்டாலும் சொல்லிவிடும். அழுதது வீணாகிப்போன கோபம் மரியத்தின் முகத்தில் இருந்தது. கடைசியில் சொன்னார்: "இந்த விண்ணப்பம் ரத்து. ஒரே ஒரு முறை புதிதாகப் பதிய விடுகிறேன். வேலையை யார் செய்கிறாரோ அவர் பெயரில் பத்திரம் வரட்டும். என் முன்னால் அழைப்போம். அவர் தன் வாயால் சொல்ல வேண்டும்."

மதினியிடம் சொன்னபோது, "கையெழுத்து எத்தன வேணும்னாலும் போடுறேன் தாயி, அதச் சொல்ல மாட்டேன்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு என்ன தகுதி? கடலுக்கு இந்தப் பக்கம், இரண்டு பூட்டுப் போட்ட கதவுக்குள் இருக்கிறேன். அருப்புக்கோட்டை ஆடிட்டரிடம் புதுப் பத்திரம் மட்டும் தயாரானது.

அழைத்த நாளில் இங்கே காலை பதினொரு மணி. மரியம், மொழிபெயர்க்கும் பணியாளர், நான். நான் பேசக்கூடாது என்று உத்தரவு. அண்ணன் நம்பரைத்தான் அழுத்தினார்கள். மணி அடித்து எடுக்கப்பட்டது. பணியாளர் முதல் கேள்வியைக் கேட்டார்: "வீட்ல கதிரேசன் இருக்காரா?"

இரைச்சல். மோட்டார் சத்தம். இருமல் வந்துவிடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். வரவில்லை. அது நிஜமாகவே ஓடும் மோட்டார்.

"இல்ல" என்றார் மதினி. "அவுக செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு. வீட்டுல ஆம்பள யாரும் இல்ல. நான் முத்துலட்சுமி. லாரிக நாலும் என் சொல்லுலதான் ஓடுது. கேளுங்க, என்ன கேக்கணும்?"

மற்ற கேள்விகளுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். நான் வெளியே வந்ததும் கூப்பிட்டேன். "சொல்லிட்டேன் சுமதி. சொல்லிட்டு நடு மத்தியானத்துல கதவப் பூட்டிட்டு உக்காந்திருக்கேன். வீடு இப்பத்தான் காலியான மாதிரி இருக்கு" என்று அழுதார். அண்ணன் செத்த அன்றுகூட இவ்வளவு அழுததாக அக்கம்பக்கத்தார் சொன்னதில்லை.

ஊற்றுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடப் போனபோது, அந்தப் பழைய அழைப்பை அழித்துவிட முடியுமா, இல்லையென்றால் எனக்காவது ஒரு பிரதி தர முடியுமா என்று மரியத்திடம் கேட்டேன். இரண்டும் முடியாது என்றார். ரத்தான விண்ணப்பமானாலும் பதிவுகள் இருக்கும். சட்டப்படி அவை இந்த நாட்டின் எல்லையைத் தாண்டவும் கூடாது. நகரத்துக்கு வெளியே, மணலுக்கு நடுவில், ஜன்னல் இல்லாத கட்டடத்தில் அவை இருக்கின்றனவாம். பாஸ்போர்ட் எடுக்காத, மதுரை விமான நிலையத்தை வெளியிலிருந்துகூடப் பார்க்காத என் அண்ணன் அங்கே லோடு இறக்கிக்கொண்டே இருக்கிறார். விசா விதிப்படி, வேலை போனால் முப்பது நாளில் நான் இந்த ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் கிளம்ப முடியாது.