நமுனுகுலவில் ஒன்றாகிப்போன என் நான்கு

கல்யாணப் பத்திரிகைகளுக்காக நான் வரைந்த எழுத்துரு, நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அறிவிப்புப் பலகையாக நிற்கிறது என்று பதுளை நண்பர் ஒருவர் படம் அனுப்பியிருந்தார். நிற்கும் கோடுகள் தடிப்பாகவும் மற்றவை மயிரிழையாகவும் ஓடும் எழுத்து அது. இரண்டு வருட உழைப்பு. நேரில் பார்க்கும் ஆசையில் போன மாசியில் கிளம்பினேன். (பெருமைதான், வேறென்ன.)

காலை ஐந்து மணி பஸ், கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏழரை மணி நேரம். அங்கிருந்து ஓட்டோ. போக வர ஐயாயிரம் ரூபாய், ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம்.

"அந்தப் பலகையைப் பார்க்கவா வந்தீங்க?" என்றார் ஓட்டோக்காரர். "அதால ஒரு புள்ள செத்துப் பொழைச்சிருக்கு தம்பி."

நான் சிரித்தேன். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

'மண்சரிவு அபாயம். கனமழையின்போது 4ஆம் லயத்துக்குச் செல்லவும்.' லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசை. பலகை வைத்த புதிதில் எடுத்த அந்தப் படத்தில் அப்படித்தான் இருந்தது. நேரில் பார்த்தபோது வெயிலும் மழையும் மயிரிழைகளைத் தின்றிருந்தன. நான்கின் சாய்கோடும் குறுக்குக்கோடும் போய், தடித்த கால் மட்டும் மிச்சம். 1ஆம் லயம். சரிவுக்கு நேர் கீழே, பாதி மண்ணுக்குள் கிடந்த லயம் அதுதான்.

ஓட்டோக்காரர் சொன்ன பிள்ளை யோகமணியை நாலாம் லயத்தில் சந்தித்தேன்; அந்த மழைக்குப் பிறகு குடும்பம் அங்கேதான் தங்கியிருந்தது. பூனாகலையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஐப்பசி மழையன்று அவர் வந்து இரண்டே வாரம். அன்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பலகையில போட்டிருந்துச்சேன்னு கீழ ஓடுனேங்க. நெஞ்சு வரைக்கும் மண்ணு. கையி ரெண்டு எடத்துல முறிஞ்சிருச்சு."

"எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாததால வந்த வினை," என்றார் பக்கத்தில் நின்ற மாமியார். யோகமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லம்மா," என்றேன். "அவங்க சரியாத்தான் படிச்சாங்க. அந்த எழுத்தை வரைஞ்சவன் நான். நான் போட்ட கோடுதான் அழிஞ்சுபோச்சு. வந்து பாருங்க."

மூவரும் பலகைக்குப் போனோம். மாமியார் வெகுநேரம் பார்த்தார். "ஆமா, ஒன்னுதான் இருக்கு," என்றார். பிறகு மருமகளின் தோளைத் தொட்டார்.

"எங்களுக்கு எடம் தெரியும். இத யாரு பார்த்தா?" என்றார் மாமியார்.

தெரியாதவர்களுக்காகத்தானே பலகை. இத்தனை மாதமாக அது அப்படியே நின்றிருக்கிறது. கடையில் கறுப்புப் பெயின்ட் வாங்கி வந்தேன். யோகமணி தூரிகையைக் கேட்டு வாங்கி, வலது கையால் விரலளவு தடிப்பில் நான்கை எழுதினார். மீதி எழுத்துகளை நான் தடிப்பாக்கினேன்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். நான்கு மணிக்குமுன் மலையிறங்கிவிடுங்கள். பலகை எழுதுகிறவர்கள் இருபதடி தள்ளி நின்று, கண்ணை இடுக்கி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மெல்லிய கோடு பத்திரிகையில் அழகு, வெயிலில் நிற்காது. என் எழுத்துருவைத் தரவிறக்கும் இணையப் பக்கத்தில் இப்போது முதல் வரியே அதுதான்.

யோகமணியின் இடது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை.