அண்ணனின் கீபோர்டில் சத்தமில்லாத இடது பக்கம்

எங்கள் அண்ணன் தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்ததால் படிப்பை நிறுத்திவிட்டு, பிலிமத்தலாவையில் ஒரு மின்சாரப் பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அண்ணியுடன் கெலிஓயாவில் குடியிருந்தார். அண்ணி காலமான பிறகும் அதே வீட்டில் தனியாகவே வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை. என் மகளைத்தான் தன் மகள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். இதுவரை எழுதியதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியும். இனி எழுதப்போவதில்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நம் பங்குக் கோயிலில் அவர் கீபோர்ட் வாசித்ததை அறியாதவர் இல்லை. பாடகர் குழுவில் யாராவது சுருதி தப்பினால் முறைக்க மாட்டார். சிரித்துக்கொண்டே தப்பியவரின் சுருதிக்கு அவரே போய்விடுவார். அவ்வளவு பொறுமைசாலி. அந்தப் பொறுமையில் பாதிகூட எனக்கு இல்லை.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, கீபோர்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறோம் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணன் கேட்கவில்லை. அதைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டுத் திறந்தார். கெட்டுப்போன பாகங்களை எடுத்துவிட்டு, உள்ளங்கை அளவில் ஒரு சின்ன மின்சுற்றைப் பொருத்தினார்.

“என்ன அண்ணே இது?” என்றேன்.

“இனிமே இது சத்தம் போடாதும்மா. எந்தக் கட்டையை அமுக்குறோம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சத்தம் அங்க இருந்து வரும்.”

“சத்தமே போடாத சாமானுக்கு இவ்வளவு பாடா?”

“நம்ம வசதிக்கு மாத்திக்கலாம்ல” என்று சிரித்தார். வயதான காலத்தில் விளையாட்டுச் சாமான் என்று நானும் கேலி செய்துவிட்டு வந்தேன்.

சென்ற வருடம் வீட்டில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர், “இவருக்கு முந்தியே பாரிசவாதம் மாதிரி ஏதும் வந்துச்சா? கை வராமப் போச்சா?” என்று கேட்டார். “இல்லவே இல்ல டொக்டர். போன ஞாயித்துக்கிழமைகூட கோயில்ல வாசிச்சாரு” என்று அடித்துச் சொன்னவள் நான். சில நாட்களில் அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

அவர் இறந்த முதலாம் ஆண்டுத் திருப்பலியில் அவருடைய கீபோர்டே ஒலிக்க வேண்டும் என்பது என் ஒரே ஆசை. என் மகள் வாசிப்பதாகச் சொன்னாள். கணினியை இணைத்துப் பார்த்தால், வலது பக்கம் அருமையாகப் பாடியது. இடது பக்கத்தில் ஒரு கட்டைகூட வாய் திறக்கவில்லை. கண்டியில் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், உள்ளே பார்த்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

“இது பழுதில்ல தங்கச்சி. இடது பக்கத்து வயரெல்லாத்தையும் வேணும்னே கழட்டி, பின்னுக்கு வயர் செருகுற ஒரு சொக்கட்டுக்குக் கொடுத்திருக்கு. ஏன்னு எனக்கும் வெளங்கல்ல. திரும்பக் கட்டைக்கே கொடுத்திரட்டா?”

“கொடுத்திருங்க நானா” என்றேன்.

“கொஞ்சம் இருங்கம்மா” என்று மகள் தடுத்தாள். “மாமா பையில ஒரு பலகை இருந்துச்சே, அதுலயும் ஒரு வயர் தொங்குச்சு.”

அண்ணன் கோயிலுக்குக் கொண்டுபோகும் துணிப்பையில், மடிக்கணினிக்கு அடியில் அந்தப் பலகை இருந்தது உண்மைதான். அதில் கோலிங் பெல் பொத்தான்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. மின்சாரக் கடையில் வேலை செய்தவர், யார் வீட்டுக்கோ செய்திருப்பார் என்று நான்தான் மூலையில் போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து மகள் அதை அந்தச் சொக்கட்டில் செருகி ஒரு பொத்தானை அமுக்கினாள். இடது கையால் வாசிக்கும் அடிச்சுரம் கும்மென்று வந்தது. பலகையைத் தரையில் வைத்தாள். கால்விரல் சரியாகப் பொத்தானில் போய் நின்றது.

இரண்டு கையும் உள்ள மனிதர் எதற்குக் காலால் வாசிக்க வேண்டும்? பாடகர் குழுத் தலைவரைத் தொலைபேசியில் கேட்டேன்.

“கடைசி காலத்துல அண்ணன் இடது கையை மடியிலதாங்க வச்சிருப்பாரு. நாங்க அதை ஸ்டைலுன்னு நெனச்சோம். உக்காரும்போது செருப்பைக் கழட்டிருவாரு. அது பக்தின்னு நெனச்சோம். மேசையில விரிப்பு தொங்குதே, காலு எங்க தெரியும்?”

நான் வாங்கிக் கொடுத்த சேர்ட்டுகளை விட்டுவிட்டு, பொத்தான் இல்லாத டீசேர்ட்டிலேயே அவர் வந்து போனது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் மாம்பழத்தை என்னிடமே நீட்டி, “நீயே வெட்டிக் கொடும்மா” என்றதும் நினைவுக்கு வந்தது. சோம்பேறி என்று திட்டிக்கொண்டே வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கை எப்போது போனது? ஏன் மறைத்தார்? கோயிலில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றா, அல்லது நான் அழுது ஊரைக் கூட்டுவேன் என்றா? எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. கோபம்தான் வருகிறது. செத்தவரிடம் கோபித்து என்ன செய்வது?

கீபோர்டை அண்ணன் மாற்றியபடியே விட்டுவிட்டோம். காலால் வாசிக்க மகள் பழகிக்கொண்டாள். இன்றைய திருப்பலியில் நீங்கள் கேட்பது அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் எங்களுடன் இருந்தவர்களுக்கும், அடக்கத்தன்று கொட்டும் மழையில் நடந்து வந்தவர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், பாடகர் குழுவினருக்கும், வேலை எதுவும் செய்யவில்லையே, பணம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கடைக்கார நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதும் தெரியாது. கை வரவில்லை என்று அண்ணன் உங்களில் யாரிடமாவது சொல்லியிருந்தால், திருப்பலி முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வாருங்கள். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன், சண்டை பிடிக்கவும் மாட்டேன். அவர் அதைத் தனியாகச் சுமக்கவில்லை என்று மட்டும் தெரிந்தால் எனக்குப் போதும்.