படம் கீழே, சத்தம் மேலே

போன ஞாயிறு, அஜக்ஸ் நகரில் இருக்கிற எங்கள் வீட்டில் மகள் ஏதோ பிரிட்டிஷ் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள், கைபேசியில்தான். சுவரில் ஆளுயர ரிவி இருண்டு கிடந்தது. "அப்பா, வட்ஸ் எ கொகிள் பொக்ஸ்?" என்றாள். என்னிடம் அவள் ஆங்கிலத்துக்குப் பொருள் கேட்டது அதுவே முதல் தடவை. தொலைக்காட்சிக்கு வெள்ளைக்காரன் வைத்த பட்டப்பெயர் என்று எனக்குத் தெரிந்தும் இருந்தது, அதுதான் அதிசயம்.

சொல்லித்தந்தவர் லண்டன் அண்ணை. அங்கே இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்ததால் அந்தப் பெயர். கனடா வந்த புதிதில் ரொறன்ரோவின் பார்க்டேலில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஆங்கிலம் விளங்கியது அவருக்கு மட்டும். தெருவோரம் எறிந்திருந்த ரிவி ஒன்றைத் தூக்கிவந்தோம். படம் வந்தது, சத்தம் இல்லை. அடுத்த கிழமை கிடைத்ததில் சத்தம் வந்தது, படம் இல்லை. இரண்டாவதை முதலாவதன் மேல் ஏற்றினோம். சனல் மாற்ற இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். பிசகினால் செய்தி வாசிக்கிற பெண்ணின் வாயிலிருந்து ஹொக்கி வர்ணனை வரும்.

பெட்டிகள் சூடேற, தூசி கருகுகிற மணம் அறையெல்லாம் பரவும். அந்த மணத்தோடுதான் சோறு தின்றோம், கண்ணெடுக்காமல்.

"கொகிள் எண்டால் கண்ணைப் பிதுக்கிக்கொண்டு முழிக்கிறது. வெள்ளைக்காரன் நக்கலடிச்சது பெட்டியை இல்லையடா, உங்களைத்தான்" என்பார் லண்டன் அண்ணை. நக்கல் முடிந்ததும் ஒரு வசனம் விடாமல் தமிழில் சொல்லித் தருவார். அவர் வேலைக்குப் போன நாட்களில் எங்களுக்கு வெறும் படம்தான்.

இவ்வளவையும் மகளுக்குச் சொன்னேன். தலை நிமிராமல் "கூல்" என்றாள்.

அந்தச் சூட்டோடு, டோர்செட் பார்க் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியே இருக்கிற லண்டன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். கடைசியாக எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை, பனி என்று என்னிடம் சாட்டுக்குப் பஞ்சமில்லை. அவருக்குப் பின்னால் ரிவி அலறியது. என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கிறதோ? சீனி வருத்தம் ரெண்டு கண்ணையும் கொண்டுபோட்டுது தம்பி. சத்தம் விளங்குது. படத்தைச் சொல்லத்தான் ஆளில்லை."

வெட்கமாக இருந்தது. அடுத்த நாளே போனேன். பக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்கினேன்: ஒருத்தி கதவைத் திறக்கிறாள், வாசலில் ஒருவன் நிற்கிறான், நனைந்திருக்கிறான். அவள் அழுகிறாளா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"வடிவாப் பார்" என்றார்.

எழும்பிப்போய்த் திரைக்குக் கிட்ட நின்று கண்ணைப் பிதுக்கிப் பார்த்தேன். பார்க்டேல் அறையில் முழித்த ஐந்து பேரில் இப்போது மிச்சம் நாங்கள் இருவர்தான். கண் ஒரு சோடி.